சேகரத்துக்கு ஒரு வருஷம் பயிற்சிக்கு வருகிறவருக்கு என்ன வேலை கொடுப்பது?

தேரிமணல்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு யோசனை வேண்டும்.

வருகிற ஜூன் மாதம் எங்கள் சேகரத்துக்கு, அதாவது ஒரே குருவானவரின் கீழ் உள்ள எங்கள் சபைகளுக்கு, ஒரு பையனைப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். பையன் என்று சொல்லக் கூடாது, பி.டி. என்ற இறையியல் பட்டம் முடித்தவர், வயது 26. வருஷம் முடிந்ததும் குருப்பட்டத்துக்கு முந்தின படியான டீக்கன் பட்டத்துக்கு இவர் தகுதியா என்று எங்கள் ஐயரும் (குருவானவரும்) சேகரக் கமிட்டியும் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் கமிட்டிச் செயலர். இதற்கு முன் எங்களுக்கு இப்படி யாரும் வந்ததில்லை.

7 சபை, ஒரே ஐயர், சபைகளைக் கவனிக்க அவருக்கு உதவியாக 3 உபதேசியார்மார். போன ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டி கூடி, வருகிறவருக்கு வேலைப் பட்டியல் போட்டோம். வி.பி.எஸ். (பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி), வாலிபர் ஐக்கியம், கிறிஸ்மஸ் கீதபவனி, அசனத்துக்கு (சபை விருந்துக்கு) வசூல், யூடியூப் நேரலை என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. கடைசியில் ஒரு பெரியவர், "அதெல்லாம் இருக்கட்டும், கார் ஓட்டத் தெரியுமான்னு முதல்ல கேளுங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். வீட்டுக்கு வந்து பட்டியலைத் திரும்பப் படித்தபோது சிரிப்பு வரவில்லை. இதில் எந்த வேலையைச் செய்தால் ஒருவர் நல்ல குருவானவர் ஆவார்?

ஊழியத்தில் இருப்பவர்கள், இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

இரும்புப்பெட்டி:

முதலில் எங்கே தங்குவார், என்ன சாப்பிடுவார் என்று முடிவு செய்யுங்கள். எங்கள் ஊரில் ஒருத்தர் வந்தபோது "ஐயர் வீட்டிலேயே சாப்பிடட்டும்" என்று தீர்மானம் போட்டோம். ஐயரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த அம்மா பள்ளிக்கூட ஆசிரியை, காலை 7 மணிக்குப் பஸ் பிடிக்க வேண்டும். இரண்டாவது மாதமே சிக்கல். அவர் உதவித்தொகை எவ்வளவு, பெட்ரோல் யார் கணக்கு, இதெல்லாம் எழுத்தில் வேண்டும்.

மார்த்தாள்:

தேரிமணல் அண்ணன், கார் விஷயத்தில் உங்களுக்குச் சிரிப்பு வராமல் போனது நல்ல அடையாளம்.

நானும் பி.டி. முடித்து ஒரு வருஷம் ஒரு பெரிய நகரத்துச் சபையில் இருந்தேன். ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், கிறிஸ்மஸ் நாடகம் மூன்றும் என் தலையில். அந்த வருஷத்தில் அந்தச் சபையில் 19 அடக்கம் நடந்தது. ஒன்றுக்குக்கூட என்னை முன்னால் நிற்க விடவில்லை. "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு கல்லறைத் தோட்டம்" என்று ஒரு காரணம். பிரசங்கம் 4 தடவை கிடைத்தது, அதில் 2 தடவை பெண்கள் ஞாயிறு மாதிரியான நாள்கள்.

அப்புறம் தனியாக ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். வந்த மூன்றாம் நாள் ஒரு சாவு. கையில் ஜெப புத்தகம் இருந்தது, வார்த்தைகள் எல்லாம் இருந்தன. பெட்டியை எப்போது மூடச் சொல்வது, வீட்டில் ஜெபத்தை எங்கே நிறுத்துவது, மகன்கள் இரண்டு பேரும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், அவர்களில் யாரை முதலில் மண் போடச் சொல்வது, இது எதுவும் புத்தகத்தில் இல்லை. உபதேசியார் பக்கத்தில் நின்று மெல்லிய குரலில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் இல்லாவிட்டால் அன்று நான் அவமானப்பட்டிருப்பேன்.

நம் தென்னிந்தியத் திருச்சபையில் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. 2013-ல் ஆந்திராவின் நந்தியாலுக்குப் புஷ்பலலிதா அம்மா பேராயராகவே வந்துவிட்டார். அன்றைக்கு ஃபேஸ்புக்கில் வாழ்த்துப் போட்டவர்களில் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு விடாத கமிட்டிக்காரரும் ஒருவர்.

உங்களுக்கு வருகிறவர் ஆண் என்பதால் இந்தச் சிக்கல் இருக்காது. ஆனால் அவரும் வி.பி.எஸ்.ஸும் யூடியூப்பும் மட்டும் பார்த்துவிட்டுப் போனால் என் கதைதான்.

ஓய்ந்த சைக்கிள்:

நான் ஓய்வுபெற்ற குரு. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் படித்தவன். 1969-ல் தொடங்கிய கல்லூரி, தெரிந்தவர்களுக்குத் தெரியும். எங்கள் காலத்தில் ஒரு வருஷம் வளாகத்தை விட்டு வெளியே போய்ச் சேரியில் வாடகைக்கு இருந்துகொண்டு வகுப்புக்கு வர வேண்டும். குழாயடியில் குடத்தோடு வரிசையில் நின்றுவிட்டு வந்து கிரேக்க வினைச்சொல் படித்தால் அது வேறு மாதிரி இருக்கும். பரட்டை அண்ணன் என்று நாங்கள் கூப்பிட்ட தியாபிலஸ் அப்பாவு ஐயா "ஒரு உலை" என்பார். எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதுதான் திருவிருந்து என்று நாட்டுப்புற மெட்டில் பாடியே பாடம் நடத்தியவர். அவர் 2005-ல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆனால் எனக்கு ஊழியம் பிடிபட்டது கல்லூரியில் அல்ல. அதற்கு அப்புறம் ஒரு மூத்த ஐயரோடு இருந்த 14 மாதத்தில்தான். அவரிடம் ஒரு ராலி சைக்கிள், எனக்கு ஒரு வாடகைச் சைக்கிள். ஒரு நாளைக்கு 4, 5 வீடு சந்திப்போம். வீட்டை விட்டு வந்ததும் கொஞ்ச தூரத்தில் பனைமரத்து நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கேட்பார்: "அந்த வீட்டுல யாரு வாயே திறக்கல, பாத்தியா?" நான் முழிப்பேன். "மருமக. அடுப்படிய விட்டு வெளிய வரவே இல்ல. நீ வேதம் வாசிச்சியே, அவளுக்குக் கேட்டுச்சா?" அடுத்த தடவை அந்த வீட்டுக்குப் போனால் அடுப்படி வாசலில் உட்கார்ந்துதான் வாசிப்போம்.

அவர் எனக்கு ஒரு நாளும் ஆலோசனை என்று உட்கார வைத்துப் பேசியதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் அப்புறம் ஐந்து நிமிஷம் ஒரு கேள்வி கேட்பார், அவ்வளவுதான். தன் தப்பையும் சொல்வார். "இன்னைக்கு நான் அவசரப்பட்டுட்டேன், அந்தக் கிழவருக்கு இன்னும் சொல்ல இருந்துச்சு" என்று ஒரு தடவை திரும்பி அதே வீட்டுக்குப் போனோம்.

இது புதுசு ஒன்றும் இல்லை. தரங்கம்பாடியில் ஆரோன் என்ற தமிழர் 1718-ல் ஞானஸ்நானம் பெற்றார், குருப்பட்டம் 1733-ல். இடையில் 15 வருஷம் அவர் மிஷனரிகளோடு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தும், உபதேசியாராக ஊர் ஊராகப் போயும் பழகினார். நம் திருநெல்வேலியிலும் அப்படித்தான். 1790-ல் பட்டம் பெற்ற சத்தியநாதன், ஜெர்மன் மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் கையில் உபதேசியாராகப் பழகி, பாளையங்கோட்டைச் சபையைக் கவனித்துக்கொண்டு இருந்தவர். கல்லூரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல்லூரிக்கு அப்புறம் வரும் இந்த ஒரு வருஷத்தை நாம் எடுபிடி வருஷமாக ஆக்கிவிட்டோம்.

உங்கள் பட்டியலைக் கிழித்துப் போட வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே "இது முடிந்ததும் யார் இவரோடு உட்கார்ந்து பேசுவது" என்று ஒரு கட்டம் போடுங்கள். கட்டம் காலியாக இருக்கிற வேலையை அடித்துவிடுங்கள்.

இரும்புப்பெட்டி:

ஐயா, மரியாதையோடு சொல்கிறேன். உங்கள் மூத்த ஐயருக்கு நேரம் இருந்தது. இப்போது ஒரு சேகரக் குரு 4 பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர். ஒரு நிலத்து வழக்கு, ஒரு ஆசிரியர் நியமனச் சண்டை, மாதம் இரண்டு தடவை பேராயரின் திருமண்டல அலுவலகம், தேர்தல் வருஷம் என்றால் கேட்கவே வேண்டாம். எங்கள் ஐயர் வீடு சந்திக்க வந்து எவ்வளவு நாள் ஆச்சு என்று எனக்கு ஞாபகமே இல்லை. அவர் கெட்டவர் இல்லை. அவரிடம் ஒருத்தரை விட்டால் அவர் எதைக் கற்றுக்கொடுப்பார்? ஃபைல் கட்டுவதைத்தான்.

அவருக்கு யாரும் பனைமரத்து நிழலில் கேள்வி கேட்டதில்லை. கேட்கப்படாதவர் எப்படிக் கேட்பார்?

பங்கு மணி:

நான் கத்தோலிக்கன், குருமடத்தில் 6 வருஷம் இருந்தவன், உங்கள் பேச்சைப் படித்துவிட்டு எழுதுகிறேன். குருமடம் என்ற அமைப்பே 1563-ல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரிதெந்து சங்கம் ஆணையிட்ட பிறகுதான் பரவியது. அதற்கு முன் பெரும்பாலும் ஒரு குருவோடு இருந்து பழகித்தான் குருவானார்கள், அதில் பூசை லத்தீனே சரியாக வராத ஆள்களும் வந்தார்கள். அதனால் "கூட இருந்தாலே போதும்" என்று ரொம்பவும் உருக வேண்டாம்.

எங்களுக்குத் தத்துவம் முடிந்து இறையியல் தொடங்குமுன் ரீஜென்சி என்று ஒரு வருஷம் உண்டு. பங்கில் அல்லது விடுதியில் இருப்போம். நான் அந்த வருஷம் முடிந்ததும் வெளியே வந்துவிட்டேன். பங்குத்தந்தை நல்லவர், மக்களும் நல்லவர்கள். தனியாக ராத்திரி 9 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு அந்தப் பெரிய வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, இது என் வாழ்க்கை இல்லை என்று தெரிந்தது. அவரிடம் சொன்னேன். அவர் என்னைத் தடுக்கவில்லை, மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார், பிறகு அவரே என்னைப் பஸ் ஏற்றிவிட்டார். என் கல்யாணத்தை மந்திரித்ததும் அவர்தான்.

உங்கள் கமிட்டியில் யாராவது இதைச் சொல்லுங்கள்: அந்தத் தம்பி வருஷ முடிவில் "எனக்கு இது வேண்டாம்" என்று சொன்னாலும் அது உங்கள் தோல்வி கிடையாது.

வெள்ளைச் சட்டை:

என் பெரியப்பா பெந்தெகொஸ்தே மிஷனில் ஊழியராகச் சேர்ந்தவர். 1920-களில் இலங்கையில் தொடங்கிய சபை, இப்போது தாம்பரம் பக்கம் இரும்புலியூரில் தலைமையகம். அங்கே வேதாகமக் கல்லூரியே கிடையாது. திருமணம் செய்யாமல், சம்பளம் வாங்காமல், விசுவாச வீடு என்ற சபை இல்லத்தில் மூத்த ஊழியர்களோடு சேர்ந்து இருந்துதான் பழகுவார்கள். அதிகாலை ஜெபம், சமையல், துணி துவைத்தல், நோயாளியைப் பார்த்தல், எல்லாம் சேர்ந்தே. சிறுவயதில் நான் அங்கே போய் நின்று பார்த்திருக்கிறேன். மூத்தவர் பாத்திரம் கழுவுவதை இளையவர் பார்ப்பார். எந்தக் கல்லூரியிலும் அது கிடைக்காது.

வேறு சில தனிச் சபைகளில் நான் பார்த்த இன்னொரு பக்கமும் உண்டு. அங்கே கற்றுக்கொள்வது என்றால் பாஸ்டரை அப்படியே நகல் எடுப்பது. பாஸ்டர் "அல்லேலூயா" சொல்லும்போது வலது கையை ஆட்டினால் உதவி ஊழியரும் வலது கையை ஆட்டுவார். பாஸ்டருக்குத் தொண்டை கரகரப்பு, இவருக்கும் கரகரப்பு! கேள்வி கேட்டால், "எலிசா எலியாவின் கைகளுக்குத் தண்ணீர் வார்த்தவன், முதலில் தண்ணீர் வார்க்கப் பழகு" என்று வசனம் வரும். அந்த ஒரு வசனத்தை வைத்துப் பத்து வருஷம் ஒருத்தரைப் பெட்டி தூக்க வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

மார்த்தாள்:

அண்ணன், அந்த எலிசா வசனத்தை எனக்கும் சொன்னார்கள். அதற்கு முந்தின அதிகாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் வார்த்தவனுக்குத்தான் எலியாவின் சால்வை கிடைத்தது. நம் ஊரில் சால்வை எல்லாம் மேடையில் இருக்கிற பெரியவர்களுக்கே போய்விடுகிறது.

வேலூர் வார்டு:

நான் ஒரு ஆஸ்பத்திரியில் சாப்ளின், அதாவது நோயாளிகளைச் சந்திக்கும் போதகர். ஓய்ந்த சைக்கிள் ஐயா சொன்ன பனைமரத்துக் கேள்விக்கு எங்கள் வேலையில் ஒரு முறையே இருக்கிறது.

அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்று ஒரு போதகர். அவருக்கே மனநோய் வந்து மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர். வெளியே வந்தபின், 1925-ல் மாசசூசெட்ஸில் ஒரு மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களைக் கூட்டி வந்து நோயாளிகளோடு பழகவிட்டார். புத்தகத்தைப் படிப்பது போல மனிதரைப் படிக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அங்கிருந்து வளர்ந்ததுதான் சி.பி.இ. (கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன்) என்கிற பயிற்சி. வேலூர் சி.எம்.சி.யிலும் நடக்கிறது.

அதில் முக்கியமானது வெர்பாட்டிம். ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வந்து, அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று வரி வரியாக ஞாபகத்திலிருந்து எழுத வேண்டும். ராத்திரி குழுவில் அதை வாசிப்போம். ஒரு தடவை நான் எழுதியது இப்படி இருந்தது:

அவர்: ஆபரேஷன் நாளைக்கு. பயமா இருக்கு.
நான்: கர்த்தர் பார்த்துக்கொள்வார். ஜெபிக்கலாமா?

குழுவில் ஒரு அக்கா கேட்டார்: "யாருக்குப் பயம் தாங்கல, அவருக்கா உனக்கா?" எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவர் பயத்தைப் பற்றிப் பேச வந்தார், நான் ஜெபத்தால் வாயை அடைத்துவிட்டேன். அதற்கு அப்புறம் எந்தக் கட்டில் பக்கத்தில் நின்றாலும் அந்தக் கேள்வி காதில் கேட்கிறது.

தேரிமணல் ஐயா, உங்கள் ஐயருக்கு நேரம் இல்லை என்றால் உங்கள் தம்பியை வாரம் ஒரு பக்கம் இப்படி எழுதச் சொல்லுங்கள். பெயரை மாற்றி எழுத வேண்டும், கமிட்டியில் யாரும் அதைக் கையில் எடுக்கக் கூடாது. இது முக்கியம். ஊரில் ஒரு வாரத்தில் பரவிவிடும்.

வட்டுக்கோட்டை வாசி:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரில் 1823-இலேயே செமினரி தொடங்கினவர்கள், ஆனபடியால் படிப்புக்குக் குறைவில்லை. இப்போது எங்கள் பொடியன்கள் பிலிமத்தலாவைக்குப் போகிறார்கள். 1963-இல் தொடங்கிய இறையியல் கல்லூரி, சிங்களவரும் தமிழரும் ஒரே வளவில் இருந்து படிக்கிறார்கள். யுத்த காலத்திலும் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள். அந்தச் சாப்பாட்டு மேசை ஒரு பாடம்தான் என்று அங்கே படித்த என் நண்பர் சொல்லுவார்.

நீங்கள் எல்லாரும் ஐயர், கமிட்டி என்றே கதைக்கிறீர்கள். எனக்கு ஊழியம் படிப்பித்தது கோவிலைக் கூட்டித் துப்பரவாக்குகிற ஒரு அம்மம்மா. எந்த வீட்டில் இன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை, ஆருடைய மகன் காணாமல் போனவன், ஆகவே ஆருடைய முன்னால் "குடும்பம் முழுவதும் சமாதானமாய்" என்று ஜெபிக்கக் கூடாது, எல்லாம் அவ சொன்னா. முதல் மாதம் உங்கள் தம்பியை உங்கள் சபைக் காவல்காரரோடும் விட்டுப் பாருங்கோ.

ஓய்ந்த சைக்கிள்:

வட்டுக்கோட்டைத் தம்பி சொன்னது சரி. எங்கள் பக்கம் அந்த இடத்தில் உபதேசியார் இருக்கிறார். மார்த்தாள் மகளுக்குக் கல்லறைத் தோட்டத்தில் கைகொடுத்தவரும் அவர்தான். கமிட்டியில் அவருக்கு நாற்காலிகூடப் போடுவதில்லை.

இன்னொன்று. கடைசியில் எழுதிக் கொடுக்கும் அந்த அறிக்கையைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் ஒரு பாவம் செய்திருக்கிறேன், பெயர் சொல்லாமல் சொல்கிறேன். என்னிடம் ஒருத்தர் பயிற்சிக்கு இருந்தார். கொஞ்சம் வாய் ஜாஸ்தி, நேரத்துக்கு வரமாட்டார், ஒரு தடவை ஸ்தோத்திரப் பண்டிகை அன்று என்னோடு எல்லார் முன்னாலும் வாதாடிவிட்டார். வருஷ முடிவில் நான் அறிக்கையில் ஒரே வரி எழுதினேன்: "ஒத்துழைப்புப் போதாது." அவரிடம் அதைச் சொல்லவில்லை. சிரித்த முகத்தோடு வழியனுப்பி, போட்டோகூட எடுத்துக்கொண்டோம். அவருக்குப் பட்டம் 2 வருஷம் தள்ளிப் போனது. ஏன் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் அப்பா அந்த 2 வருஷத்துக்குள் இறந்துபோனார், மகனை வெள்ளை அங்கியில் பார்க்காமல்.

வேதத்தில் பவுல் மாற்குவை ஊழியத்துக்கு வேண்டாம் என்று தள்ளினார், பர்னபா அவனைக் கூட்டிக்கொண்டு தனியே கப்பல் ஏறினார். அதாவது தெரிந்தே, முகத்துக்கு நேரே சண்டை போட்டுப் பிரிந்தார்கள். பின்னால் அதே பவுல் மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று எழுதுகிறார். நான் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லாமல் காகிதத்தில் எழுதினேன். அதனால் எனக்கு அந்த இரண்டாவது கடிதம் எழுதும் வாய்ப்பே வரவில்லை.

இரும்புப்பெட்டி:

ஐயா, அவர் இப்போது எங்கே?

ஓய்ந்த சைக்கிள்:

ஊழியத்தில்தான் இருக்கிறார். நல்ல பெயர். நான் போன் பண்ணவில்லை.

பங்கு மணி:

பண்ணுங்கள் ஐயா.

தேரிமணல்:

கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நேற்றுக் கமிட்டி கூடியது. நீங்கள் எழுதியதில் பாதியை அச்செடுத்துக் கொண்டுபோனேன். (அறிக்கைக் கதையைக் கொண்டுபோகவில்லை ஐயா, அது இங்கேயே இருக்கட்டும்.)

ஓய்ந்த சைக்கிள் ஐயா சொன்ன கட்டத்தைப் போட்டோம். அசன வசூல், யூடியூப், கார் மூன்றுக்கும் எதிரே பெயர் எழுத யாரும் முன்வரவில்லை, ஆகவே மூன்றும் போய்விட்டன. நேரலையை வாலிபர் ஐக்கியமே பார்த்துக்கொள்ளும். வி.பி.எஸ். இருக்கிறது, அதற்கு எதிரே ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அம்மா பெயர் இருக்கிறது. அவர் வீட்டு மாடியில்தான் தம்பி தங்கப் போகிறார். காலைச் சாப்பாடு அங்கே, மற்றது அவரே சமைத்துக்கொள்வார். சமைக்கத் தெரியும் என்று போனில் சொன்னார், பார்ப்போம்.

முதல் மாதம் 3 உபதேசியார்மாரோடும் மாறி மாறிப் போவார். அவர்களைக் கமிட்டிக்குக் கூப்பிட்டோம். இந்த முறை நாற்காலி போட்டோம்.

அடக்கம், நோயாளி சந்திப்பு, கல்யாண ஓலை வாசிப்பதற்கு (சபையில் திருமண அறிவிப்புக்கு) முன் வீட்டாரோடு பேசுவது, எல்லாவற்றுக்கும் ஐயர் கூட்டிப் போவார். வியாழக்கிழமை சாயங்காலம் 5 முதல் 6 வரை ஐயரும் அவரும் மட்டும். அந்த நேரத்தில் போன் என்னிடம் இருக்க வேண்டும் என்று நான் கேட்டேன். ஐயர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எனக்கு இப்படி யாரும் உட்காரல. என்ன கேக்கணும்னே எனக்குத் தெரியாது" என்றார். இரும்புப்பெட்டி அண்ணன் சொன்னது அப்படியே அவர் வாயில் வந்தது. வேலூர் வார்டு ஐயா, அந்த ஒரு பக்கம் எழுதும் முறையைப் பற்றி அவரிடம் பேச முடியுமா? தனிமடலில் எண் அனுப்புகிறேன்.

அறிக்கையை மூன்று தடவை எழுதுவது, செப்டம்பரில், ஜனவரியில், மே மாதத்தில். ஒவ்வொரு தடவையும் அவர் படித்துவிட்டு, கீழே அவரும் எழுதுவார். இதற்கு 2 பேர் எதிர்ப்பு. "பையனுக்கு எதுக்கு அதெல்லாம் காட்டணும்" என்றார்கள். 9க்கு 2 என்று தீர்மானம் நிறைவேறியது.

மார்த்தாள் அம்மா, அடுத்த வருஷம் ஒரு பெண்ணை அனுப்பச் சொல்லிக் கேட்கலாம் என்று தலைமையாசிரியை அம்மா எழுந்து சொன்னார். அது மட்டும் தீர்மானம் ஆகவில்லை. "வரும்போது பார்க்கலாம்" என்று ஒத்திவைத்துவிட்டார்கள்.

மார்த்தாள்:

"வரும்போது பார்க்கலாம்" என்பது எனக்கு நன்றாகப் பழகிய வாக்கியம். இருந்தாலும் அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். தம்பிக்கு முதல் அடக்கம் வரும்போது உபதேசியாரைப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லுங்கள், பின்னால் இல்லை.

வேலூர் வார்டு:

எண் வந்தது. திங்கள் காலை ஐயரிடம் பேசுகிறேன்.

இரும்புப்பெட்டி:

எல்லாம் சரி, ஐயர் காரை இனி யார் ஓட்டுவது? டிரைவருக்கு ஒரு நடைக்கு எவ்வளவு, எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

தேரிமணல்:

அண்ணன், அதைத்தான் நேற்று ராத்திரி 10 மணி வரைக்கும் பேசினோம்.